உரிக்கத்தகும் இறப்பர்ப் பூச்சும் ஊவாவின் வாகனங்களும்

பசறையிலிருந்து மொனறாகலை நோக்கி இறங்குஞ் சாலையிலே, தேயிலை குறைந்து இறப்பர் மரங்கள் தோன்றும் இடங்களில் விடியற்காலையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். பால்வெட்டுந் தொழிலாளி மரத்தை அணுகியவுடன் கத்தியைப் பட்டையில் வைப்பதில்லை. முன்னர் வெட்டிய சரிவில் வடிந்து காய்ந்து கிடக்கும் மெல்லிய இறப்பர் நாடாவை ஒரு முனையிற் பற்றி இழுத்துச் சுருட்டிக் கூடையில் இடுவார். சிரட்டையின் உட்புறத்திலே தோல்போற் படிந்திருப்பதையும் விரலாற் கிளப்பி எடுப்பார். அதன் பின்னரே புதிய வெட்டு நிகழும். ஒட்டுப்பால் எனப்படும் இப்பொருள் ஒன்றுக்கொன்று மாறானவைபோற் காணும் இரு குணங்களை ஒருங்கே உடையது. அது பட்டையைப் பற்றிக்கொண்டு கிடக்கின்றது. ஆயினும் இழுத்தவிடத்துப் பட்டைக்கு ஊறின்றி முழுதாக உரிந்து வருகின்றது.

இவ்விரு குணங்களையும் மோட்டார் வாகனத்தின் மேனிக்குப் பயன்படுத்தும் முறையொன்று அண்மைக் காலத்திற் பரவியுள்ளது. நிறமூட்டிய இறப்பர்க் கரைசலை வாகனத்தின்மேல் விசிறிப் பூசிக் காயவிடுகின்றனர். சில காலஞ் சென்று அந்நிறம் சலித்தாலும் பூச்சுப் பழுதுற்றாலும் அதனை வாழைப்பழத் தோலைப்போல உரித்து எறிந்துவிடுகின்றனர். அடியிலுள்ள பழைய நிறம் முன்போலவே தோன்றுகின்றது. பிளாஸ்டி டிப் என்னும் அமெரிக்கத் தயாரிப்பு இவ்வகையிற் பெயர்பெற்றது. அதன் பெயரே இன்று இவ்வகைப் பூச்சுகளனைத்திற்கும் பொதுப்பெயர்போல வழங்குகின்றது. எமது மாணவர் பலர் கைபேசிக் காணொளிகளில் இதனைக் கண்டு வியந்திருக்கின்றனர். வியப்பதற்குரியதே. எனினும் இப்பூச்சு எங்ஙனம் ஒட்டுகின்றது, எங்ஙனம் உரிகின்றது, ஊவாவின் மழைக்கும் மலைப்பாதைக்கும் எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பனவற்றை ஆராய்ந்தே அதனை ஏற்றலும் தள்ளலும் வேண்டும். இக்கட்டுரை அவ்வாராய்ச்சியின் பாற்பட்டது.

முதலில் வழக்கமான வாகனப் பூச்சு யாதென நோக்குவோம். தொழிற்சாலையிலே உருக்குத் தகட்டின்மேல் ஓர் இரசாயனப் படலத்தை உண்டாக்கியபின், வாகனத்தின் உடலை முழுமையாகப் பூச்சுத் தொட்டியில் அமிழ்த்தி மின்னோட்டத்தின் துணைகொண்டு அடிப்பூச்சைப் படியச் செய்கின்றனர். அதன்மேல் நிரப்புப் பூச்சும், நிறப் பூச்சும், கண்ணாடிபோன்ற மேற்பூச்சும் முறையே ஏறுகின்றன. இவை சூளையிலே சுடப்பட்டு இறுகுகின்றன. இத்தனை படைகளையுஞ் சேர்த்தாலும் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கே. அத்துணை மெல்லிய படலம் பல்லாண்டுகள் நிலைப்பதற்குக் காரணம் அது கீழுள்ளதை இறுகக் கவ்விக்கொள்வதே. பூச்சுத் தொழிற்சாலையில் அரத்தாள் கொண்டு தகட்டைச் சொரசொரப்பாக்குவது எதற்காகவெனின், அக்கீறல்களுக்குள் பூச்சு வேர்விட்டு நிற்பதற்காகவே. அதனை அகற்ற விரும்புவோன் மீண்டும் தேய்த்தோ மருந்திட்டோ அழிக்கவேண்டுமேயன்றி உரித்தெடுக்க இயலாது. உரியும் பெயின்ற் என்றால் எமது ஊரிலே அது வேலை தெரியாதவன் அடித்த பெயின்ற் என்றே பொருள்படும். உரிதலையே குணமாகக் கொண்ட பூச்சு அவ்வழக்கைத் தலைகீழாக்குகின்றது.

இறப்பரைக் கரைத்துப் பூசுதல் புதிய எண்ணமன்று. 1823ஆம் ஆண்டிலேயே சாள்ஸ் மக்கின்ரொஷ் என்னும் ஸ்கொத்லாந்தியர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நப்தா என்னும் எண்ணெயிலே இறப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி, மழை புகா ஆடையைச் செய்தார். அவ்வாடை வெயிலிற் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. இறப்பரையுங் கந்தகத்தையுஞ் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குமென்பதை 1839இல் சாள்ஸ் குட்இயர் கண்டார். வல்கனைசுப்படுத்தல் எனப்படும் அம்முறையிலே நீண்ட சங்கிலிகளான இறப்பர் மூலக்கூறுகள் கந்தகப் பாலங்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. பிணைக்கப்பட்டபின் அவை எண்ணெயில் ஊறி வீங்குமேயன்றிக் கரைவதில்லை. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்வாராக. நாம் ஆராயும் விசிறுபூச்சு குட்இயர் வழியில் வந்ததன்று, மக்கின்ரொஷ் வழியில் வந்தது. அதன் நன்மையும் தீமையும் அங்கிருந்தே பிறக்கின்றன.

எமது நாடும் இவ்வரலாற்றின் புறத்தே நிற்கவில்லை. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, அவற்றுள் ஏறத்தாழ 1900 கன்றுகள் அதேயாண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவைச் சார்ந்த ஹெனரத்கொடைப் பூங்காவிலே அவை வேரூன்றின. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கைப்பட்டபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய இயற்கை இறப்பர் நிலம் இலங்கையே. மரங்களின் ஆயுளைக் கருதாது அளவுக்குமிஞ்சி வெட்டிப் பால் எடுத்தனர். அது போதாமையால் ஐக்கிய அமெரிக்கா எண்ணெயிலிருந்து செயற்கை இறப்பரைப் பெருமளவிற் செய்யத் தொடங்கிற்று. போர் முடிந்தபின்னரும் அத்தொழில் நின்றுவிடவில்லை. 1952இல் சீனத்தோடு நாம் செய்துகொண்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தைப் பாடநூல்களில் அரசியற் செய்தியாகவே கற்பிக்கின்றோம். செயற்கை இறப்பரின் போட்டியும் அதன் பின்னணியில் இருந்தது என்பதையும் சேர்த்துக் கற்பித்தால் மாணவர்க்குத் தெளிவு பிறக்கும்.

உரிக்கத்தகும் பூச்சும் அப்போரின் வழிவந்ததே. போர் ஓய்ந்ததும் அமெரிக்கக் கடற்படையிடம் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வேலையின்றி எஞ்சின. அவற்றின் பீரங்கிகளும் நுண்கருவிகளும் உப்புக் காற்றிற் கெடாதிருக்கும்பொருட்டு அவற்றைச் சுற்றிச் சிலந்தி வலைபோன்ற நூலிழைகளை விசிறி, அவ்வலையின்மேற் பிளாத்திக்குப் படலத்தைப் படியச் செய்து, பட்டுப்புழுவின் கூடுபோல மூடிவைத்தனர். 1950இற் கொரியப் போர் மூண்டபோது ஒதுக்கத்திலிருந்த கப்பல்கள் பல மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டன, அக்கூடுகளும் கிழித்தெறியப்பட்டன. பிளாஸ்டி டிப் என்பதோ முதலிற் குறட்டின் பிடிகளையும் திருகாணி முடுக்கிகளையும் தோய்த்தெடுப்பதற்காகக் கைவினைஞரிடையே விற்கப்பட்ட தடித்த இறப்பர்க் கரைசல். அதை விசிறுபுட்டியில் அடைத்தனர். சில்லுகளுக்கு அடித்துப் பார்த்தனர். 2010ஐ அடுத்த ஆண்டுகளில் முழு வாகனத்திற்கும் அடிக்குமளவிற்கு அது வளர்ந்தது.

இனி உரிதலின் இயல்பை நோக்குவோம். ஒரு படலத்தை இழுக்கும்போது இரு விசைகள் போட்டியிடுகின்றன. படலத்திற்கும் அதன் அடியிலுள்ள தளத்திற்கும் இடையேயுள்ள ஒட்டல் விசை ஒன்று. படலத்தின் துணிக்கைகள் தம்முள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் பிணைவு விசை மற்றையது. ஒட்டல் மிகுந்தாற் படலம் துண்டு துண்டாகக் கிழியும். பிணைவு மிகுந்தால் முழுதாக உரியும். இதிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒட்டல் விசை படலத்தின் அடிப்பரப்பில் மட்டும் தங்கியிருப்பது. எத்தனை முறை மேலே பூசினாலும் அது பெரிதும் மாறுவதில்லை. பிணைவினால் வரும் உறுதியோ தடிப்போடு வளர்வது. ஆகவே இரண்டு படை அடித்த பூச்சு உரிக்கும்போது கந்தலாகக் கிழிந்து நகத்தை வருத்தும். ஐந்து படை அடித்தது போர்வைபோல எழுந்துவரும். செலவைக் குறைக்க எண்ணி மெல்லிதாக அடிப்பவன் பின்னர் உரிக்கமுடியாது இடர்ப்படுவான். அதற்குப் பரிகாரமும் விந்தையானதே: பழைய பூச்சின்மேல் இன்னும் இரண்டு படை அடித்து, காயவைத்து, இரண்டையுஞ் சேர்த்து உரிக்கவேண்டும்.

புதிய படை பழைய படையோடு ஒன்றிவிடுவது எங்ஙனம்? இங்கேதான் மக்கின்ரொஷ் வழி பயன்படுகின்றது. இப்பூச்சிலுள்ள இறப்பர்ச் சங்கிலிகள் பாலங்களாற் பிணைக்கப்படாதவை. கரைப்பான் ஆவியாகிப் போவதனால் மட்டுமே அது காய்கின்றது. எனவே அடுத்த படையிலுள்ள கரைப்பான் முந்திய படையின் மேற்பரப்பைச் சிறிது இளக்கி அதனோடு கலக்கச் செய்கின்றது. ஐந்து படைகள் ஐந்து தாள்களாக நில்லாமல் ஒரே தோலாகின்றன. வழக்கமான பூச்சின் மேற்றளம் சூளையிற் சுட்டு இறுகியதாதலால் அக்கரைப்பானுக்கு அது எளிதில் இளகுவதில்லை. அதனாலேயே இறப்பர் அதனைக் கவ்வாமல் மேலே தங்குகின்றது.

இறப்பர்ப் படலத்தை வேண்டுமென்றே உரியச்செய்யும் கலை எமது நாட்டுக்குப் புதிதன்று. கையுறைத் தொழிற்சாலைகளிலே கைவடிவான பீங்கான் அச்சுகளைக் கல்சியம் உப்புக் கரைசலிலே தோய்த்து, பின்னர் இறப்பர்ப் பாலில் அமிழ்த்தி எடுக்கின்றனர். உப்பு பாலைத் திரளச்செய்து அச்சின்மேற் படலமாக்குகின்றது. அப்படலம் அச்சிலே தங்கவும் வேண்டும், கிழியாமற் கழலவும் வேண்டும். சத்திரசிகிச்சைக்கு வைத்தியர் அணியும் கையுறை இவ்வாறு அச்சிலிருந்து உரித்தெடுத்த தோலேயாகும். ஆயினும் அதிலொரு வேறுபாடு: கையுறை கந்தகத்தோடு சூடாக்கப்பட்டு வல்கனைசாகின்றது, வாகனப் பூச்சு அவ்வாறன்று.

பூசும் முறையை விரிவாகக் கூறவேண்டியதில்லை. இன்றியமையாதனவற்றை மாத்திரம் சுட்டுகின்றேன். வாகனத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மெழுகும் எண்ணெயும் சற்றுமின்றி நீக்குதல் வேண்டும். மெழுகு எஞ்சிய இடத்திற் பூச்சு காற்றுக்கே கிளம்பிவிடும். முதற் படை பனிப்புகார் படிந்தாற்போல, அடிநிறம் பாதி தெரியுமாறு மெல்லிதாக விழவேண்டும். அதுவே பிடிமானந் தருவது. அடுத்தடுத்த படைகள் நனைந்தாற்போல் விழவேண்டும். ஒவ்வொன்றுக்குமிடையே ஏறத்தாழ அரைமணி நேரம் விடுதல் நன்று. கண்ணாடி, இலக்கத்தகடு முதலியவற்றை மூடிய ஒட்டுநாடாவைக் கடைசிப் படை ஈரமாயிருக்கும்போதே அகற்றவேண்டும். காய்ந்தபின் நாடாவை இழுத்தால் நாடாவோடு பூச்சும் எழுந்துவரும். தொட்டுப்பார்க்க நான்கு மணி நேரத்திற் காய்ந்ததாகத் தோன்றினும் ஓரிரவேனும் வாகனத்தை வெளியே எடாதிருத்தலே முறை.

இம்முறைகளெல்லாம் வரண்ட காற்றுள்ள நாட்டிலே எளியவை. பதுளையின் நிலை வேறு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலே மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த இந்நகருக்கு வடகீழ்ப் பருவக்காற்றே பெருமழை தருவது. ஐப்பசி பிற்பகுதி தொடங்கித் தை வரை சுவரும் வியர்க்கும். அக்காலத்தில் விசிறுபூச்சை அடித்தால் யாது நிகழும்? கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது தளத்தின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. குளிர்ந்த அத்தளத்தின்மேற் காற்றிலுள்ள நீராவி நுண்டுளிகளாகப் படிகின்றது. காயாத பூச்சுக்குள் நீர் சிக்குவதனாற் கறுப்பு நிறம் சாம்பல் பூத்தாற்போல வெளுக்கின்றது. பிடிமானமும் கெடுகின்றது. சித்திரை மாதத்தில் காலை வெயிலை நம்பித் தொடங்கினால் பிற்பகலில் இடிமழை வந்து சேரும்.

ஆடி ஆவணி மாதங்களில் மறுபுறத்து மழையை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வரண்டு வீசும் கச்சான் காற்றோ புழுதியை வாரி ஈரப் பூச்சின்மேல் ஒட்டிவிடும். தேயிலைக்கு மணந்தரும் அக்காற்றுப் பெயின்றருக்குப் பகை. மாசி பங்குனியிலோ ஆனியிலோ, காலைப் பனி நன்கு உலர்ந்தபின், காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் அடிப்பதே எமது பகுதிக்கு ஏற்றதெனக் கருதுகின்றேன்.

பூசியபின் நேரும் இடர்களும் சில. தோட்டத்துப் பாதைகளின் செம்மண் இப்பூச்சின் மங்கிய மேற்பரப்பிலே தங்கிக் கறையாகும். பளபளப்பான பூச்சைத் துடைப்பதுபோல இதனைத் துடைத்துவிட இயலாது. சேவிஸ் நிலையத்தில் நீர்க்குழாயை ஓரத்திற்கு நேரே பிடித்தால் பூச்சு ஓரத்திலிருந்து கிளம்பும். எல்லாவற்றிலுங் கொடியது பெற்றோல். பாலமிடப்படாத இறப்பராதலால் பெற்றோல் பட்ட இடத்திற் பூச்சு இளகிச் சுருங்கி வழியும். கொள்கலத்தின் வாய்ப்புறத்திற் சிந்தும் சில துளிகளே போதும். படைகளை ஒன்றாக்கிய அதே இயல்பு இங்கே பகையாகின்றது. மோட்டார்ச் சைக்கிளின் பெற்றோல் தாங்கிக்கு இதனை அடிக்க எண்ணும் மாணவர்கள் இதனை நன்கு உணர்தல் வேண்டும். அடிப்பவர் பலர் மூன்றாண்டு நிலைத்தாலே நன்றென்பர். வெயிலிலும் மழையிலும் நிற்கும் வாகனத்திற்கு அதுவும் அரிது. காலங்கடந்த பூச்சு வெயிலால் உலர்ந்து உறுதியிழந்து, உரிக்குங்கால் பொடிந்துவருமாதலால் தக்க காலத்தில் உரித்துவிடுதலே நன்று.

இவற்றைக் கூறுவதற்கு ஒரு காரணமுண்டு. எமது பாடசாலைக்கு மேற்பிரிவு லயங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் வானின் உரிமையாளர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு காணொளியைக் காட்டி, “சேர், இந்த இறப்பர் பெயின்ற அடிச்சா துரு நிக்குமா?” என்று வினவினார். கடன்பட்டு வாங்கிய பழைய வான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலே மீண்டும் அனுமதிக்கப்பட்டதாயினும், புதிய வாகனத்தின் விலை அவர்போன்றோர்க்கு எட்டாதது. டிங்கர் வேலைக்கும் பெயின்றுக்கும் கேட்கப்பட்ட தொகை அவரது பல மாத வருவாய். கதவின் கீழ்ப்படியிலும் பின்சில்லின் வளைவிலும் பூச்சுக் குமிழிட்டிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே நெறுநெறுத்தது.

அவருடைய வினாவுக்கு விடை, நில்லாது என்பதே. துருவென்பது இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடி விளைப்பது. இறப்பர்ப் படலம் நீர்த்துளியைத் தடுக்குமேயன்றி நீராவியையும் காற்றையும் முற்றாகத் தடுப்பதன்று. மேலும் கதவுப்படியின் துரு பெரும்பாலும் உள்ளிருந்தே தொடங்குவது. மழைநீர் வடிந்தோடவேண்டிய துளைகள் சேற்றினால் அடைபட்டு நீர் உள்ளே தேங்குவதன் விளைவு அது. வெளியே போர்த்தும் தோல் அந்நீரை வெளியேறவிடாமல் இன்னுஞ் சிறைப்படுத்தும். மேலே கறுத்து அழகாயிருக்க, உள்ளே தகடு தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகள் கால்வைத்து ஏறும் படி அது. அன்றியும் துருவின்மேல் அடித்த பூச்சை உரிக்க முற்பட்டால் பொருக்கும் பழைய பூச்சும் சேர்ந்தே வரும். முன்னொருகால் மலிவாக மீள்பூச்சடித்த வாகனங்களில், துருவில்லாத இடத்திலுங்கூட அடிநிறம் தளர்ந்திருப்பின் இறப்பர் அதனைப் பற்றிக்கொண்டு எழுவதுண்டு. உரிக்கத்தகும் பூச்சு ஊறு செய்யாதென்ற கூற்று, அடியிலுள்ள பூச்சு உறுதியாயிருத்தல் என்னும் நிபந்தனையோடு கூடியது.

ஆதலால் துருப்பிடித்த பகுதியை வெட்டித் தகடு வைத்து வழக்கமான அடிப்பூச்சிடுவதற்குப் பணத்தை ஒதுக்கி, ஏனைய இடங்களின் அழகைப் பின்போடுமாறு கூறினேன். இறப்பர்ப் பூச்சு பயன்படும் இடங்களும் அவர் வானில் இல்லாமலில்லை. முன்சில்லுகள் வீசும் கற்கள் படும் கீழ்ப்பகுதி, முகப்பின் கீழ்விளிம்பு, சில்லுகளின் முகம் ஆகியவற்றிலே நல்ல பெயின்றின்மேல் இதனை அடித்தால், கல்லின் அடியை மீள்தன்மையால் ஏற்றுப் பழைய பூச்சைக் காக்கும். பழுதுற்றால் அவ்விடத்தில் மட்டும் உரித்து மீண்டும் அடிக்கலாம். முழு வாகனத்திற்கும் அடித்தல், தொழிற்சாலைப் பூச்சுக் குலையாத புதிய வாகனத்தை உடையோரின் விருப்பவிளையாட்டென்றே சொல்லத் தோன்றுகின்றது.

அடிப்பவனுடைய உடல்நலமும் எண்ணத்தக்கது. வாகன மீள்பூச்சிற் பயன்படும் இருகலவை மேற்பூச்சுகளில் ஐசோசயனேற்று என்னும் பொருளுண்டு. பாதுகாப்பின்றி அதனைச் சுவாசிப்போர்க்கு ஆஸ்துமா நோய் வருதல் மருத்துவர் நன்கறிந்தது. கரைப்பான் ஆவியாவதனாற் காயும் இறப்பர்ப் பூச்சில் அவ்விடர் இல்லை. ஆனால் நப்தா, தொலுயீன் போன்ற கரைப்பான்கள் இதில் நிறைய உள்ளன. அவற்றின் ஆவி தலைச்சுற்றலையும் மயக்கத்தையும் தருவது. வளியைவிடக் கனமானதாதலால் நிலத்தோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள அடுப்பிலே தீப்பற்றவும் கூடும். புட்டியிலிருந்து பூச்சைத் தள்ளும் வாயுவே எரிவாயுதான். லயத்து வாசலில், ஒரு சுவருக்கப்பால் விறகடுப்பு எரிய, இதனை அடித்தல் எண்ணவுந் தகாதது. மூக்கைத் துணியால் மூடுவதாற் பயனில்லை. துணி துளிகளைத் தடுக்கும். ஆவியைத் தடுப்பதற்குக் கரி நிரப்பிய முகமூடி வேண்டும்.

உரித்த தோலை என்செய்வது? மரத்திலிருந்து உரித்த ஒட்டுப்பாலை வீசுவாரில்லை. அது கிரேப்பு இறப்பராக்கப்பட்டு விலைபோகின்றது. வாகனத்திலிருந்து உரித்ததற்கோ எமது நாட்டில் வாங்குவாரில்லை. எரித்தாற் கரும்புகை, ஓடையில் எறிந்தால் அங்கேயே கிடக்கும். இப்பூச்சின் விளம்பரங்களில் இவ்விடயம் பேசப்படுவதில்லை.

சட்டத்தின் பக்கமும் ஒன்று. இலங்கையில் வாகனப் பதிவுச் சான்றிதழிலே வாகனத்தின் நிறமும் குறிக்கப்படுகின்றது. நிறத்தை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் உரித்துவிடப் போகின்றோமே என்பது வழிமறிக்கும் பொலிசாருக்குச் சொல்லத்தக்க விடையன்று. சில்லுகளுக்கும் கீழ்விளிம்புக்கும் அடிப்பதனால் வாகனத்தின் பதிவு நிறம் மாறிற்றென யாருங் கொள்ளார்.

இவ்வளவுங் கேட்ட மாணவரொருவர், வெளிநாட்டுப் புட்டிக்கு ஏன் பணங்கொடுக்க வேண்டும், எமது மரத்துப் பாலையே விசிறினால் ஆகாதோ என வினவினார். நல்ல வினா. மரத்துப் பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இறப்பர். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். நுண்ணிய இறப்பர்த் துணிக்கைகள் புரதப் போர்வையோடும் எதிர்மின்னேற்றத்தோடும் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரிலே மிதக்கின்றன. போமிக்கமிலம் இட்டால் அவ்விலக்கம் அழிந்து பால் திரள்கின்றது; அமோனியா இட்டாற் பல நாள் திரளாதிருக்கின்றது. அமோனியாவிட்ட பாலைப் பூசிக் காயவைத்தால் உரிக்கத்தக்க தோல் கிடைக்கும். கரைப்பான் ஆவியுமில்லை, தீயச்சமுமில்லை. இலண்டன் புனித போல் பேராலயத்தின் உட்சுவர்களிற் படிந்திருந்த நூற்றாண்டுக்கணக்கான அழுக்கை, 2000ஐ அடுத்த ஆண்டுகளிலே, இயற்கை இறப்பர்ப் பாலை அடிப்படையாகக் கொண்ட களிம்பைப் பூசி உரித்தே நீக்கினர். கல்லிலிருந்த கரி இறப்பர்த் தோலோடு வந்துவிட்டது. நீரூற்றிக் கழுவியிருந்தால் அக்கட்டடத்திற்கு நேர்ந்திருக்கக்கூடிய கேடு இதனால் தவிர்க்கப்பட்டது.

ஆயினும் வெயிலில் நிற்கும் வாகனத்திற்கு அது தகாது. இயற்கை இறப்பரின் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்புண்டு. ஒட்சிசனும் ஓசோனும் அவ்விடத்தையே தாக்குகின்றன. சூரிய ஒளி அதனை விரைவுபடுத்துகின்றது. சில வாரங்களிலேயே படலம் பழுத்துப் பிசுபிசுக்கத் தொடங்கும், பின்னர் வெடிக்கும். பாலிலுள்ள நீர், பூச்சு நீங்கிய இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அமோனியா பித்தளையைக் கெடுக்கும். கட்டட வேலையின்போது சன்னற் கண்ணாடியையும் தரைக்கற்களையும் சில நாட்களுக்குக் காத்து உரித்துவிடுதல் போன்ற நிழற்பணிகளுக்கே அது உரியது. அத்தகைய பணிகளுக்கு அதனைப் பயன்படுத்துவார் எமது பகுதியில் இன்னுந் தோன்றாமை வருந்தத்தக்கதே. பால் அருகிலேயே உண்டு.

இதனைப் பாடசாலை ஆய்வுகூடத்திற் செய்துபார்த்தல் எளிது. அமோனியாவிட்ட பாலைத் தோட்டமொன்றிலிருந்து சிறிதளவு பெற்று, சம அளவான நான்கு கண்ணாடித் தகடுகளில் முறையே ஒன்று, இரண்டு, நான்கு, எட்டுப் படைகளாகப் பூசவேண்டும். ஒவ்வொரு படையும் பால்வெண்மை மாறித் தெளிந்த பின்னரே அடுத்ததைப் பூசுதல் வேண்டும். இரண்டு சென்ரிமீற்றர் அகலமான கீற்றாக வெட்டி, ஒரு முனையைக் கிளப்பி, விற்றராசின் கொளுக்கியிற் பொருத்தி இழுத்தால், கீற்று உரிவதற்கு வேண்டிய விசையை அளக்கலாம். மெல்லிய கீற்று அளவு காட்டுமுன்பே அறுந்துவிடும். தடித்தவை உரியும், அவற்றின் அளவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறிதாயிருக்கும். உரித்தவற்றைச் சுண்ணாம்புக்கட்டித் தூளிற் புரட்டாவிட்டால் அவை தம்முள் ஒட்டிக்கொள்ளும். இதேபோல இன்னொரு தொகுதியைச் செய்து பாதியைச் சன்னலோரத்து வெயிலிலும் பாதியை அலுமாரிக்குள்ளும் ஒரு மாதம் வைத்து ஒப்பிடலாம். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: இறப்பர் விரைந்து இழுத்தாற் கூடிய விசையையும் மெல்ல இழுத்தாற் குறைந்த விசையையும் காட்டுமாதலால், எல்லாக் கீற்றுகளையும் ஒரே மாணவர் ஒரே வேகத்தில் இழுத்தல் வேண்டும்.